குமாஸ்தாவின் ஞானத்துக்கு ஓர் அத்தாட்சி

மேல்பட்டாம்பாக்கத்துக் கரும்புக் கொல்லையின் வரப்பில் மூண்ட தகராறு, ஊர்ப் பெரியவர்களின் சமாதானத்துக்கும் அடங்காமல் கோர்ட்டுப் படியேறும்போது, அந்தக் குடியானவருக்கு வக்கீலைவிட அதிகம் பழக்கமாகிற முகம் வக்கீல் குமாஸ்தாவின் முகமே. கடலூரானாலும் சிதம்பரமானாலும், வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதும், சம்மனுக்குப் பேட்டா கட்டுவதும், வாய்தாவை டைரியில் ஏற்றுவதும், கட்டைப் பிரித்து உரிய காகிதத்தை உரிய நேரத்தில் எடுத்துத் தருவதும் அவருடைய அன்றாட தர்மம்.

இது எழுத்து வேலை மட்டுமன்று என்பதற்கு ஓர் உதாரணம் போதும். முன்சீப் கோர்ட்டில் தோற்றவர் ஜில்லா கோர்ட்டில் அப்பீல் செய்ய, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அளிக்கும் அவகாசம் 30 நாள். தீர்ப்பு, டிக்கிரி ஆகியவற்றின் நகல் பெறச் செல்லும் காலத்தை அந்த முப்பதில் சேர்க்க வேண்டியதில்லை என்பது அதன் 12-ஆம் பிரிவு. ஆகவே, தாமதமின்றி நகல் மனுப் போட்டு, மனுக் கொடுத்த தேதி, முத்திரைத் தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இதுவே கடைசி நாள் என்று குமாஸ்தா குறித்துத் தரும் கணக்கு ஒரு நாள் பிசகினாலும், கட்சிக்காரர் தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனுப் போட்டு நீதிபதியின் தயவை நாட நேரும்.

இத்தகைய ஞானத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் பரீட்சை நம்மிடம் இல்லை. பத்திரம் எழுதுவோருக்கு 1982-ஆம் ஆண்டின் விதிகளின்படி உரிமம் உண்டு. வக்கீல் குமாஸ்தாக்களுக்கென 1999-இல் தமிழ்நாட்டில் நல நிதிச் சட்டமும் வந்தது. நிதி அவர்களுடைய குடும்பத்துக்குத் துணையாகலாம். அறிவுக்கு அத்தாட்சி ஆகாது. இங்கிலாந்திலோ, 1963-இல் தோன்றிய சங்கம் ஒன்று வக்கீல் ஆபீஸ் ஊழியர்களைப் பரீட்சைகளின் வாயிலாகத் தனித் தொழில் ஸ்தானத்துக்கு உயர்த்திற்று. அமெரிக்காவில் 1976 முதல் சான்றிதழ்ப் பரீட்சையும், 1996-இல் அனுபவம் முதிர்ந்தோருக்கென்றே ஒரு மேல்நிலைப் பரீட்சையும் ஏற்பட்டன.

நம் நாட்டுக்கும் இது அந்நியமன்று. கிராமக் கணக்கரின் உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வாழ்க்கையைத் தொடங்கிய முத்துசாமி ஐயர், 1856-இல் வக்கீல் பரீட்சையில் தேறித்தான், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகும் மார்க்கத்தில் கால்வைத்தார்.

ஆதலின், உயர்நீதிமன்றமும் பார் கவுன்சிலும் கூடி, தமிழிலேயே, கட்டாயமாக அன்றி விருப்பத்தின் பேரில் எழுதத்தக்க பரீட்சையொன்றை வகுக்க வேண்டும். பட்டத்தைவிடப் பணியாற்றிய ஆண்டுகளே அதற்கு யோக்யதையாகட்டும்; மனப்பாடத்தை விட்டு, பழுதான மனு ஒன்றைத் திருத்தவும் அப்பீலின் கடைசி நாளைக் கணக்கிடவும் கேட்கட்டும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்க, பயிற்சிக்குக் கடலூர் ஜில்லாக்காரர் வெகுதூரம் தேடிப் போகவேண்டியதில்லை. தேறிய குமாஸ்தாவுக்கு அதனால் ஊதியமும் கௌரவமும் உயரும். அவரை நம்பிக் காகிதத்தில் கையெழுத்திடும் குடியானவருக்கோ, தம் வழக்கு தக்கவர் கையில் இருக்கிறதென்பதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.