சுவர்க்கடிகாரத்தில் ரிமோட் பேட்டரி போடலாமா?

ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவில் மாலைக் கச்சேரி. கிளம்பும் நேரம் பார்த்தால் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றிருக்கிறது. அதற்கு ஏஏ பேட்டரி வேண்டும். கையில் இருப்பதோ ரிமோட்டுக்கான ஏஏஏ. போடலாமா?

போடலாம். அல்கலைன் வகையில் இரண்டுமே 1.5 வோல்ட்தான். மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும். உருவ அளவு அல்ல. சிறியதில் வேதிப்பொருள் குறைவு என்பதால், உழைக்கும் காலம் ஏறக்குறையப் பாதியாகும்.

ஏஏஏ சுமார் 6 மில்லிமீட்டர் குட்டை. எதிர்முனையில் அலுமினியத் தாளை இறுக மடித்து வைத்தால் இடைவெளி அடைபடும்.

இரண்டு பேட்டரி போடும் கருவியில் பெரியதையும் சிறியதையும் கலக்கவே கூடாது. சிறியது முதலில் தீர்ந்துபோகும். பெரியது அதன் வழியே தொடர்ந்து மின்சாரத்தைச் செலுத்த, அது கசிந்து கருவியைக் கெடுக்கும். கடிகாரத்தில் ஏஏஏ போடுவதும் தற்காலிக ஏற்பாடுதான். சரியான பேட்டரியைச் சீக்கிரமே வாங்கிப் போடுங்கள்.