மணலை நம்பி வாழும் கரியால்

சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டில்லிக்கு வருவோர், மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையே சம்பல் நதியைக் கடக்கின்றனர். இருமருங்கும் மண்மேடுகளும் பிளவுகளுமாகத் தோன்றும் அந்நிலம் ஒரு காலத்தில் கொள்ளைக்காரர்களுக்குப் பேர்போனது. உலகில் எஞ்சியுள்ள கரியால் முதலைகளில் பெரும்பாலானவை இந்நதியில்தான் வாழ்கின்றன என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

நம் ஊர் ஏரிகளிலும் ஆறுகளிலும் காணப்படும் முதலை வேறு, கரியால் வேறு. முன்னது அகன்ற முகமுடையது. நீர் வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுத்துக் கொள்ளும். அல்லது நிலத்தில் நடந்தே வேறு நீர்நிலையைத் தேடிச் செல்லும். கரியாலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆண் 5 மீட்டருக்கு மேலும் வளரும். அத்தனை பெரிய உடலைத் தூக்கி நடக்க அதன் கால்களால் இயலாது. வயிற்றை மணலில் இழுத்தே நகரும். ஆழமாக ஓடும் நீரும், அதையொட்டிய மணல்திட்டும் இல்லையேல் அதற்கு வாழ்வில்லை.

அதன் உணவு மீன். கோல்போல் ஒடுங்கி நீண்ட வாயில் 100-க்கும் மேற்பட்ட கூரிய பற்கள் உண்டு. பக்கவாட்டில் வீசி மீனைக் கவ்வும். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் குடம்போல் ஒரு புடைப்பு காணப்படும். ஹிந்தியில் குடத்தைக் குறிக்கும் சொல்லே அதன் பெயருக்கு மூலம். அதன் வயிற்றில் வளையல்கள் கிடைத்ததால் மனிதரைத் தின்னும் என்ற பழியும் ஏற்பட்டது. நதியில் விடப்பட்ட சடலங்களின் நகைகள் அவை. பாவம், கரியால் மனிதரை வேட்டையாடுவதில்லை.

பங்குனி, சித்திரையில் பெண் கரியால் மணலில் குழி பறித்து முட்டையிடுகிறது. மணலின் சூடே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிக்கும். மழைக்கு முன் குஞ்சுகள் உள்ளிருந்து கத்தும். தாய் மணலைப் பறித்து வெளியே விடும். பின்னர் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கு ஒரு பெரிய ஆண் காவலிருக்கும் காட்சி சம்பலில் உண்டு. முதுகின்மேலும் தலைமேலும் ஏறியமர்ந்து அவை வெயில் காயும். ஆனால் வெள்ளம் வந்தால் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்படும்.

1970-களின் நடுவில் நம் நாட்டு நதிகளில் 200 கரியால்கள்கூட இல்லை என்று மதிப்பிட்டனர். 1975-இல் அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, வளர்த்து, நதியில் விட்டனர். 2007-08 குளிர்காலத்தில் சம்பலின் கீழ்ப்பகுதியில் 100-க்கும் மேற்பட்டவை சிறுநீரகம் கெட்டு மாண்டன. யமுனையின் மாசு மீன்வழி வந்திருக்கலாம் என ஐயுற்றனர்.

அதன்பின் சென்னை முதலைப் பண்ணையைச் சேர்ந்தோர் சம்பலில் ஆய்வு மேற்கொண்டனர். கரியால்கள் நெடுந்தூரம் நீந்திவந்து, குறிப்பிட்ட சில திட்டுகளில் கூட்டமாக முட்டையிடுகின்றன என்பது தெரிந்தது. கட்டடங்கள் பெருகும் நகரங்களுக்கோ மணல் வேண்டும். சரணாலயத்தினுள் மணல் அள்ளத் தடையிருந்தும் டிராக்டர்கள் வருவது நின்றபாடில்லை. அத்தகைய ஒரு திட்டு போய்விட்டால், பல மைல் தொலைவிலிருந்து வரும் பெண் கரியால்களுக்கு முட்டையிட இடமிராது.