வாசற்படியில் எழுதப்படும் பதிவேடு: வீடுவீடாகச் செல்லும் மதப் பிரசாரமும் தனியாள் தரவுரிமையும்

மதம் தனிமனிதரின் சொந்த விவகாரம் என்பது நவீன ஜனநாயகச் சிந்தனை முன்வைத்த அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகும். இக்கோட்பாடு பெரும்பாலும் அரசுக்கும் தனிமனிதருக்கும் இடையிலான உறவு குறித்தே பேசப்பட்டு வந்துள்ளது. 1905ஆம் ஆண்டில் ‘சோசலிசமும் மதமும்’ என்னும் கட்டுரையை எழுதிய லெனின், அரச ஆவணங்களிற் குடிமக்களின் மதம் குறிப்பிடப்படுவதே ஒழிய வேண்டும் என வற்புறுத்தியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஆனால், அரசு அல்லாத ஓர் அமைப்பு, அதுவும் ஒரு மத அமைப்பு, பிறருடைய நம்பிக்கையைக் குறித்து வைத்துக்கொள்ளுமாயின் அதனை எவ்வாறு நோக்குவது? வீடுவீடாகச் சென்று பிரசாரஞ் செய்யும் ஒருவர், கதவைத் திறந்தவரின் பெயரையும் முகவரியையும் அவர் கூறிய கருத்துக்களையும் தமது குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். அக்குறிப்பு யாருக்குரியது? அதற்குப் பொறுப்பாளி யார்? பின்லாந்தில் எழுந்த ஒரு வழக்கினை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வழக்கின் வரலாறு

யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் மதக்குழுவினர் வீடுவீடாகச் சென்று பிரசாரஞ் செய்வதனைத் தமது விசுவாசத்தின் இன்றியமையாத கடமையாகக் கொள்பவர்கள். அடுத்த முறை செல்லும்போது நினைவுக்கு உதவும் பொருட்டு அவர்கள் குறிப்புகள் எடுப்பதுண்டு. பெயர், முகவரி, மத நம்பிக்கை, குடும்ப நிலை ஆகியன அக்குறிப்புகளில் இடம்பெறக்கூடும். குறிப்பெடுக்கப்பட்டவர் அதனை அறியார். அவரது சம்மதம் பெறப்படுவதுமில்லை. சபைகள் தேசப்படங்களைத் தயாரித்துப் பகுதிகளைப் பிரசாரகரிடையே பங்கிட்டு வந்தன. யார் எவ்வளவு பிரசுரங்களை விநியோகித்தார் என்பதற்கும் பதிவு இருந்தது. இனி வரவேண்டாம் எனக் கூறியோரின் பட்டியலும் சபைகளிடம் இருந்தது. முன்னர் குறிப்பெடுப்பதற்கென அமைப்பே படிவங்களை வழங்கியிருந்தது; தரவுப் பாதுகாப்பு ஒம்புட்ஸ்மனின் பரிந்துரையின் பின்னர் அவை கைவிடப்பட்டன.

2013 செப்டெம்பரிற் பின்லாந்தின் தரவுப் பாதுகாப்புச் சபை, சட்டத்தின் நிபந்தனைகளைப் பின்பற்றாமல் இவ்வாறு தரவு திரட்டுவதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு டிசெம்பரில் ஹெல்சிங்கி நிருவாக நீதிமன்றம், அவ்வமைப்பு இத்தரவுகளுக்குப் பொறுப்பாளியன்று எனக் கூறித் தடையை நீக்கியது. ஒம்புட்ஸ்மன் மேன்முறையீடு செய்தார். உச்ச நிருவாக நீதிமன்றம் 2016இல் விடயத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்திடம் விளக்கம் வேண்டி அனுப்பியது. அந்நீதிமன்றத்தின் பேராயம் 2018 ஜூலை 10ஆந் திகதி தீர்ப்பளித்தது. ஒன்றியத்தின் புதிய பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அவ்வாண்டு மே மாதத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டதாயினும், இவ்வழக்கு 1995ஆம் ஆண்டின் பணிப்புரையின் அடிப்படையிலேயே தீர்க்கப்பட்டது.

2. நீதிமன்றம் விடையளித்த மூன்று வினாக்கள்

முதலாவது வினா: இது தனிப்பட்ட செயலா? ஒருவர் தமது சொந்த வாழ்க்கைக்காக அல்லது வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் குறிப்புகளுக்குத் தரவுச் சட்டம் பொருந்தாது. நண்பரின் முகவரிகளை எழுதிவைக்கும் நாட்குறிப்பை எவரும் சட்டத்தின் முன் நிறுத்துவதில்லை. ஆனால் பிரசாரம் தன்னியல்பிலேயே வீட்டுக்கு வெளியே, முன்பின் அறியாதோரை நோக்கிச் செல்வது. ஆகவே அது இவ்விலக்கினுள் அடங்காது என நீதிமன்றம் கூறியது. மதச் செயற்பாடு என்ற காரணத்தால் மாத்திரம் ஒரு செயல் சட்டத்துக்குப் புறம்பாகிவிடாது என்பது புதிய கருத்தன்று. சுவீடனில் ஒரு திருச்சபைப் பணியாளர் தமது சக பணியாளரைப் பற்றிய விவரங்களை இணையத்தில் வெளியிட்ட வழக்கில், 2003ஆம் ஆண்டிலேயே இவ்விலக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது வினா: கையால் எழுதிய சிதறிய குறிப்புகள் ‘கோவை’ ஆகுமா? கணினி வழியாகக் கையாளப்படாத தரவுகள் ஒரு கோவையின் பகுதியாக இருந்தாற்றான் சட்டம் அவற்றைத் தீண்டும். அட்டைகளோ அட்டவணைகளோ இருக்க வேண்டுமென்ற அவசியமில்லை. குறித்த ஒரு நியதியின்படி ஒழுங்குபடுத்தப்பட்டு, பின்னர் இலகுவில் மீட்டெடுக்கக்கூடியதாக இருந்தாற் போதும் என்பது தீர்ப்பு. பிரசாரப் பகுதிகளைப் பங்கிடும் தேசப்படமே இக்குறிப்புகளுக்கு ஓர் ஒழுங்கை அளிக்க வல்லது என்பது இதனாற் புலனாகும்.

மூன்றாவது வினாவே மிக முக்கியமானது: பொறுப்பாளி யார்? குறிப்பை எழுதியவர் தனிமனிதர். அது அவருடைய பையில் இருக்கிறது. அமைப்பு அதனைப் பார்ப்பதில்லை. எழுதுமாறு பணித்ததற்கு எழுத்துமூலச் சான்றுமில்லை. ஆயினும், பிரசாரத்தை ஒழுங்கமைத்து, ஒருங்கிணைத்து, ஊக்குவிக்கும் அமைப்பு, தன் உறுப்பினரோடு கூட்டாகப் பொறுப்பாளியாகும் என நீதிமன்றம் தீர்த்தது. தரவு அதன் கையில் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோ எழுத்திலான அறிவுறுத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோ இல்லை.

3. வடிவமும் உறவும்

இத்தீர்ப்பின் முக்கியத்துவம் சட்ட நுணுக்கத்தில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. தோற்றத்தில் நாம் காண்பது ஒரு தனிமனிதரும் அவரது மனச்சாட்சியும் ஒரு குறிப்பேடுமே. உண்மையில் அங்கு நிகழ்வது ஊதியமின்றி, ஆனால் திட்டமிட்டுப் பங்கிடப்பட்ட உழைப்பாகும். பகுதி பிரிக்கப்படுகிறது; பிரசுரங்கள் எண்ணப்படுகின்றன; மீள்வருகை எதிர்பார்க்கப்படுகிறது. இவ்வொழுங்கின் பயன் அமைப்பைச் சேர்கிறது. பொறுப்பு மாத்திரம் பிரசாரகரின் தோளிலே விடப்படுகிறது. உடைமை யாரிடம் உள்ளது என்பதை விடுத்து, உழைப்பை ஒழுங்கமைப்பது யார் என்று கேட்டமையே இத்தீர்ப்பினை முற்போக்கானதாக்குகிறது. இக்காலத்துப் பெருநிறுவனங்கள் தம் பணியாளரைச் ‘சுயாதீனமானோர்’ எனக் கூறிப் பொறுப்பினின்றும் நழுவும் முறையை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

4. சிறுபான்மையினரின் அச்சம்

எனினும், இதற்கெதிரான வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. இம்மதக்குழு வரலாற்றிற் பலவாறு துன்புறுத்தப்பட்ட ஒன்று. நாசி ஜேர்மனியின் வதைமுகாம்களில் இவர்கள் ஊதா நிற முக்கோணம் அணிவிக்கப்பட்டனர். சோவியத் அரசு 1951 ஏப்ரலில் இவர்களில் ஆயிரக்கணக்கானோரைச் சைபீரியாவுக்கு நாடுகடத்தியது. சோசலிசத்தின் பெயரால் நிகழ்ந்த இவ்வநீதியை மறைப்பது மார்க்சியர்க்கு அழகன்று. 1993இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், மதமாற்ற முயற்சிக்காகக் கிரேக்கத்திற் பலமுறை கைதான ஒரு முதியவரின் பக்கம் நின்றது. 2017இல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அவ்வமைப்பையே தடைசெய்தது. இப்பின்னணியில், தரவுச் சட்டமும் ஒடுக்குமுறையின் இன்னொரு கருவியோ என்ற ஐயம் எழுதல் இயல்பே.

ஆனால் இவ்வரலாறு மறுபக்கத்தையும் உணர்த்துகிறது. பட்டியல் என்பது அதனை எழுதியவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. நெதர்லாந்தின் குடிசனப் பதிவேடு மதத்தையும் குறித்திருந்தது. நிருவாக வசதிக்காக உருவான அது, ஆக்கிரமிப்பின்போது யூதரை இனங்காணப் பயன்பட்டது. 1943 மார்ச்சில் எதிர்ப்பியக்கத்தினர் அம்ஸ்டர்டாம் பதிவகத்தைத் தாக்கித் தீயிட்டமை இதனாலேயாகும். இதனை நமக்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை. 1983 ஜூலையிற் கொழும்பில் வன்செயற் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளைத் தேடிச் சென்றமை பல சாட்சியங்களாற் பதிவானது. ஜனநாயக உரிமைக்காகத் தயாரிக்கப்பட்ட ஏடு அது. தடைசெய்யப்பட்ட ஒரு மதக்குழுவின் குறிப்பேடு பொலிசாரின் கையிற் சிக்குமாயின், கதவைத் திறந்து உரையாடிய அயலாரும் சந்தேகத்துக்கு இலக்காகலாம். அவ்வாறாயின், சம்மதமின்றி எழுதப்படும் குறிப்பு வீட்டாருக்கு மாத்திரமன்றிப் பிரசாரகருக்கும் ஆபத்தானதே.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் விளக்கத்தைத் தொடர்ந்து பின்லாந்தின் உச்ச நிருவாக நீதிமன்றம் 2018 டிசெம்பரிற் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது. அமைப்பு மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடியது. 2023 மே 9ஆந் திகதி அந்நீதிமன்றம், மதச் சுதந்திரம் மீறப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. பிரசாரஞ் செய்வதை எவரும் தடுக்கவில்லை. தரவு எழுதுவதாயின் உரியவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதே நிபந்தனை. கேட்பதனால் மதச் சுதந்திரத்தின் சாரம் எவ்வாறு பாதிக்கப்படும் என்பதற்கு ஏற்கத்தக்க வாதம் முன்வைக்கப்படவில்லை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

5. முடிவுரை

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. மத நம்பிக்கையை அதுவும் விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. முற்றிலும் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்கான குறிப்புகளுக்கு அதுவும் விலக்களிக்கிறது. ஆகவே பின்லாந்தில் எழுந்த வினாக்கள் இங்கும் எழக்கூடியனவே. மதங்களிடையே சந்தேகம் வளர்க்கப்படும் ஒரு நாட்டில் இச்சட்டம் சிறுபான்மைப் பிரசாரகரின் வாயை அடைக்கும் கருவியாகிவிடலாகாது. பெரும்பான்மை மத நிறுவனங்கள், கட்சிகள், அரசு ஆகிய யாவும் வைத்திருக்கும் பட்டியல்களையும் அது சமமாக அளக்க வேண்டும். பேசுவதற்குப் பிரசாரகருக்கு உரிமை உண்டு. கேட்பதற்கும் கதவைச் சாத்துவதற்கும் வீட்டாருக்கு உரிமை உண்டு. தாம் சொன்னது எங்கே, யாரால், எதற்காக எழுதப்படுகிறது என அறியும் உரிமையும் அவற்றோடு சேர்ந்ததே. இம்மூன்றாவது உரிமையின்றி முதலிரண்டும் முழுமை பெறா.