வைரமா, கண்ணாடியா? ஜார் மன்னர் காலத்து விருதுச் சின்னங்களின் கதை

கழுத்தில் கவரிங் சங்கிலி மின்னும். அசல் சங்கிலியோ பட்டணத்து அடகுக்கடைப் பெட்டகத்தில் உறங்கும். லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இந்த இரகசியத்தை அறியாத குடும்பம் உண்டோ? வறியவர் மட்டுமே இவ்வாறு செய்வர் என நாம் எண்ணிவிடல் ஆகாது. ருஷ்யப் பேரரசின் அரசவையில், மார்பில் நட்சத்திரம் ஒளிர நடந்த பிரபுக்கள் சிலரின் நிலையும் இதுவே.

மகா பீட்டர் மன்னர் 1698 ஆம் ஆண்டில் புனித அந்திரேயர் விருதை ஏற்படுத்தினார். ருஷ்ய விருதுகளுள் முதன்மையானதும் மிக உயர்ந்ததும் அதுவே. நீல நாடாவும், சிலுவையும், மார்பில் அணியும் நட்சத்திரமும் அதன் சின்னங்கள். தனிச் சிறப்பு அளிக்க மன்னர் விரும்பினால், அச்சின்னங்களில் வைரம் இழைத்துக் கொடுப்பது மரபாயிற்று. பிற நாட்டு மன்னர்களையும் இவ்வாறு கௌரவித்தார்கள்.

பெண்களுக்கென அமைந்த விருதின் வரலாறு இன்னும் சுவையானது. 1711 இல் புரூத் நதிக்கரையில் பீட்டரின் படை துருக்கியரால் சூழப்பட்டது. அப்போது அவருடைய துணைவி கத்தரீன் தம் நகைகளையெல்லாம் கழற்றிக் கொடுத்துச் சமாதானத்திற்கு உதவினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவருடைய துணிவைப் போற்றி 1714 இல் பீட்டர் புனித கத்தரீன் விருதை நிறுவினார். ‘அன்பிற்கும் தாய்நாட்டிற்கும்’ என்பது அதன் வாசகம். நகையைத் துறந்த பெண்ணின் நினைவுச் சின்னத்தில் வைரங்களைப் பதித்தது விந்தையன்றோ!

விலை மதிப்பற்ற இப்பொருளை நாள்தோறும் அணிந்தால் கல் உதிரலாம், களவு போகலாம். ஆகவே அதே அளவில், அதே வடிவில், கண்ணாடிக் கல் பதித்த பிரதியொன்றைச் செய்வித்து அணிந்தவர்கள் உண்டு. இக்கண்ணாடிக் கல்லை ருஷ்யர் ‘ஸ்திராஸ்’ என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த ஸ்திராஸ் என்னும் நகைத்தொழிலாளரின் பெயரே அது. ஈயம் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம்போல் ஒளிரச் செய்தவர் அவர்.

அசலையும் பிரதியையும் எவ்வாறு பிரித்தறிவது? மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி இது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரத்திற்கு 10. கண்ணாடிக்கு ஏறத்தாழ 5½. காற்றில் பறக்கும் தூசியில் உள்ள படிகக்கல் துகளுக்கு 7. ஆகவே தூசி துடைக்கத் துடைக்கக் கண்ணாடியின் பட்டை விளிம்புகள் தேய்ந்து மழுங்கும். வைரத்தின் விளிம்போ கூர்மையாகவே இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கண்ணாடிக்குள் சிறு காற்றுக் குமிழிகள் தென்படுவதும் உண்டு. அன்றியும், வைரம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் தொட்டவுடன் குளிர்ச்சியாக உணரப்படும்.

1917 ஆம் ஆண்டுப் புரட்சி அந்தப் பேரரசையும் அதன் விருதுகளையும் ஒருங்கே முடித்துவிட்டது. நாட்டை விட்டு ஓடியவர்கள் வயிற்றுப்பாட்டிற்காக நகைகளை விற்றார்கள். வைரம் பதித்த சின்னத்தைச் சிதைத்துக் கற்களைத் தனித்தனியே விற்றுவிடலாம். கண்ணாடி பதித்ததைச் சிதைத்து யாருக்கு என்ன இலாபம்? விலை இல்லாமையே பிரதிக்குக் காவலாக அமைந்தது. அசல்களிற் சில, 1967 இல் மாஸ்கோ கிரெம்ளினில் திறக்கப்பட்ட வைரக் காட்சிச்சாலையில் இன்றும் உள்ளன.

இவ்வரசகுலத்திற்கும் நம் தீவிற்கும் சிறு தொடர்பு ஒன்றுண்டு. பிற்காலத்தில் கடைசி ஜார் மன்னரான நிக்கொலாஸ், இளவரசராக இருந்தபோது, ‘அசோவின் நினைவு’ என்னும் கப்பலில் கீழ்த்திசைப் பயணம் புறப்பட்டு 1891 இல் இலங்கைக்கும் வந்தார். பதுளைக்கு இரயில் வந்ததோ 1924 இல். ஆகவே இளவரசர் வந்த நாளில் நம் ஊவா மலைகளுக்கு இரயில் ஏது? அப்பயணத்தின் நினைவாக, பொற்கொல்லர் ஃபபெர்ஜேயின் பட்டறை பச்சைக் கல்லில் ஒரு முட்டை செய்தது. அதனுள்ளே அக்கப்பலின் சின்னஞ்சிறு பிரதி தங்கத்திலும் பிளாட்டினத்திலும் அமைந்திருக்கிறது. அதுவும் பிரதியே! ஆயினும் அதைப் போலி என்பார் எவருமிலர்.

பிரதிக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ‘நான் பிரதி’ என்று ஒப்புக்கொள்வது பிரதி. அசல் என்று சொல்லி விற்கப்படும் கணத்தில் அதே பொருள் போலியாகிவிடுகிறது. குற்றம் கண்ணாடியில் இல்லை. விற்பவன் நாவில் இருக்கிறது. ஆதலால் பழைய பதக்கமோ நகையோ வாங்க எண்ணுவோர், பளபளப்பை நம்பாது, தேர்ந்தவரிடம் காட்டி எழுத்தில் உறுதி பெறுதல் நலம்.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. போர்க்களத்தில் வீரம் காட்டிய சாதாரணச் சிப்பாய்க்கென 1807 இல் ஜார் அரசு ஜோர்ஜ் சிலுவையை ஏற்படுத்தியது. தொடக்கத்தில் அது வெள்ளியாலானது, அதில் வைரம் இல்லை. ஆயினும் பிறப்பாலன்றி வீரத்தால் பெற்றதென்பதால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. நம் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் முலாம் பூசிய பதக்கம் பெறும் பிள்ளையும் ஓடித்தானே வென்றது? முலாம் ஒரு நாள் உதிரும்; ஓடிய ஓட்டம் உதிராது. பதக்கத்தில் பதித்த கல் பொய்யாயிருக்கலாம். அதைப் பெற்றுத் தந்த உழைப்பு பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதே நம் கடமை.