'கம்பெனி' என்ற ஒற்றைச் சொல்: தொழிலாளர் இலக்கியத்தை ஒப்பிட்டுப் படித்தல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது பழக்கமானதுதான். படிவத்தில் 'தந்தை தொழில்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'கம்பெனி' என்றே இருக்கும். காருக்குக் கதவு பொருத்துவதும், கைப்பேசிப் பலகையைச் சோதிப்பதும், கேன்டீனில் தட்டு கழுவுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பில் தொழிலாளர் இலக்கியத்தைத் துணைப்பாடம்போல நான் எடுக்கத் தொடங்கியதே அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத்தான்.

தொழிலாளர் இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்குக் கார்க்கியின் 'தாய்' நினைவுக்கு வரும். அதைத் தமிழில் தந்த தொ.மு.சி. ரகுநாதன், 1953இல் நெசவாளர் வாழ்வை வைத்துப் 'பஞ்சும் பசியும்' எழுதினார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. ஜப்பானில் தகிஜி கொபயாஷி, நண்டைப் பிடித்துக் கப்பலிலேயே டப்பாவில் அடைக்கும் தொழிலாளர்களைப் பற்றி 1929இல் நாவல் எழுதினார். அவர் வங்கி ஊழியர். 1933இல் காவல்துறைப் பிடியில் இறந்தார். 2008இல் நிலையான வேலை கிடைக்காத ஜப்பானிய இளைஞர்கள் அந்த நாவலைத் தேடி வாங்கிப் படித்தார்கள்.

இவற்றை ஒப்பிடும்போது கதைச்சுருக்கம் எழுத வைப்பதில் பயன் குறைவு. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். டேனியலும் கொபயாஷியும் தொழிலாளியின் பக்கத்தில் நின்று எழுதியவர்கள். அது குறையல்ல, எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்களின் கதை அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

சீனாவில் நடந்தது வேறு. கிராமத்திலிருந்து தொழில் நகரங்களுக்குப் போன பள்ளிப் படிப்புள்ள இளைஞர்கள் தாங்களே எழுதினார்கள். 2001இல் டோங்குவான் நகரத்துக்கு வேலைக்குப் போன ஜெங் சியாவ்சியோங், இரும்புப் பட்டறை வேலைக்கு நடுவே கவிதை எழுதி, 2007இல் 'மக்கள் இலக்கியம்' இதழின் பரிசைப் பெற்றார். பின்னாளில் பெண் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கவிதைகளுக்கு அந்தப் பெண்களின் பெயர்களையே தலைப்பாக வைத்தார். என் மாணவிகளை மிகவும் தொட்டது இதுதான். வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டதை அவர்கள் அறிவார்கள். சிலருடைய அக்காக்களே இத்தகைய விடுதிகளில் இருக்கிறார்கள்.

ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த சூ லிஜியும் குறிப்பிட வேண்டிய கவிஞர். அதே நிறுவனத்துக்கு நம் சுங்குவார்சத்திரம் பக்கத்திலும் ஆலை உண்டு. ஆனால் 2014இல் 24 வயதில் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார் என்பதால், அவரை நான் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. ஆசிரியர்கள் படிக்கலாம்.

பட்டறையில் நாவலைவிடக் கவிதை ஏன் அதிகம்? ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் வரும்போது கைப்பேசியில் எழுதத் தகுந்த நீளம் அதற்குத்தான் உண்டு என்பது என் எண்ணம். தோட்டத்துக் கதையில் கங்காணி கண்முன் நிற்பார். கன்வேயர் முன்னால் நிற்பவருக்கு வேகம்தான் மேலாளர். அது கதாபாத்திரமாக எளிதில் மாறாது.

வாசித்த பிறகு, வீட்டிலிருந்து ஒரு வேலைச் சொல்லைக் கேட்டு வரச் சொல்வேன். 'டார்க்' என்பது நட்டை எவ்வளவு விசையோடு முறுக்க வேண்டும் என்ற அளவு என்பதை எனக்குச் சொல்லித் தந்தவள் ஒரு மாணவி. (இயற்பியல் ஆசிரியர் பின்னர் அதை உறுதிசெய்தார்.) சம்பளம், விபத்து, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் கேட்பதில்லை. பிள்ளை எழுதிய தாளால் பெற்றோர் வேலைக்கு இடையூறு வந்துவிடக் கூடாது.

ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் உண்டு. அவர்கள் கொண்டுவரும் ஒடியாச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கரும்பலகையின் வலப்பக்கம் எழுதுகிறோம். உச்சரிப்பைத் திருத்துவது அந்தப் பிள்ளைகளின் பொறுப்பு.