தையல்காரி சொன்ன குடும்பக் கதை

1895-ம் ஆண்டு. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரம்.

அங்கே வார்த்தின் என்ற டாக்டர் இருந்தார். அவருக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்த பெண் ஒரு நாள் மிகவும் வாட்டமாக இருந்தாள். டாக்டர் காரணம் கேட்டார்.

"நான் சீக்கிரம் இறந்து விடுவேன்" என்ற கருத்தில் அவள் பதில் சொன்னாள்.

அவளுக்கு அப்போது ஒரு நோயும் இல்லை! பிறகு ஏன் அந்தப் பயம்?

அவள் குடும்பத்தில் பலர் புற்று நோயால் மாண்டிருந்தார்கள். சிலருக்குக் குடலில்; சிலருக்கு வயிற்றில்; சிலருக்குக் கருப்பையில்!

டாக்டர் சிரித்து ஒதுக்கவில்லை. யாருக்கு என்ன நோய் என்று விசாரித்து எழுதினார். 1913-ல் அதை வெளியிட்டார். அந்தப் பெண்ணோ, பயந்தபடியே கருப்பைப் புற்று நோயால் இறந்தாள்.

பின்னாளில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்தார். இந்தப் பரம்பரைக் கோளாறுக்கு இப்போது "லிஞ்ச் சிண்ட்ரோம்" என்றே பெயர்.

பிழை திருத்தும் வேலை

பத்திரிகை ஆபீசில் அச்சுப் பிழை திருத்துகிறவர் உண்டு அல்லவா? நம் உடலிலும் அப்படிச் சில மரபணுக்கள் உண்டு. புதிய செல் உண்டாகும்போது நேரும் பிழைகளை அவை திருத்துகின்றன. அவற்றில் ஒன்று பழுதானால் பிழைகள் பெருகும். புற்று நோய் ஆபத்தும் அதிகமாகும்.

தையல்காரியின் குடும்பத்தில் இருந்தது இந்தப் பழுதுதான். 2000-ம் ஆண்டில் அது தெரிய வந்தது.

இது தாய் வழியாகவும் வரலாம். தந்தை வழியாகவும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால், பழுது வந்தவர்கள் எல்லோருக்கும் நோய் வரும் என்பதில்லை.

எல்லோரும் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். புற்று நோய் கண்ட 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்தது.

ஒரே வழி உறவினர் பலருக்கு நோய் வந்திருக்கிறதா? 50 வயதுக்கு முன்பே வந்ததா? ஒருவருக்கே இரண்டு இடங்களில் வந்ததா? அப்படியானால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதலில் நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பழுது தெரிந்தால், பிறகு உறவினருக்கும் செய்யலாம்.

மறைக்கலாமா?

"மகள் கலியாணம் தடைப்படுமே!" "தம்பி பயந்து போவானே!" இப்படி எண்ணிப் பல நோயாளிகள் வாயைத் திறப்பதில்லை. அது அன்புதான். ஆனால் அந்த மௌனத்தால் தம்பிக்கே தீங்கு வரலாம்.

தெரிந்தால் அவன் உரிய காலத்தில் குடலைக் குழாய் விட்டுப் பார்த்துக் கொள்வான். சிறு கட்டி முளைத்திருந்தால், அது புற்றாக மாறும் முன்பே எடுத்து விடலாம்.

அந்தத் தையல்காரிக்கு ஆபத்து தெரிந்திருந்தது. தப்பும் வழி அன்று இல்லை. இன்று வழி இருக்கிறது. தெரிய வேண்டியவர்களுக்குத்தான் தெரிவதில்லை!

அண்ணன் தம்பிக்கும், அக்காள் தங்கைக்கும், பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.