நேதாஜியின் தொப்பி: ஒரு காக்கித் துணிக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

2021-ம் ஆண்டின் நடுவில் ஒரு கேள்வி சமூக வலைதளங்களில் பற்றிக்கொண்டது. டெல்லி செங்கோட்டை அருங்காட்சியகத்தில் இருந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் தொப்பி எங்கே?

பதில் சாதாரணமானதுதான். தொப்பி தொலையவில்லை. நேதாஜியின் 125-வது பிறந்த ஆண்டையொட்டி கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கு, அவருடைய வாளோடு சேர்த்து இரவலாகப் போயிருந்தது. பத்திரமாக இருக்கிறது என்று மத்திய கலாச்சாரத் துறை அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. பிரிட்டிஷ் ராணியின் பெயரில் கட்டிய மண்டபத்தில் நேதாஜியின் தொப்பி என்பது தனி வேடிக்கை, அதை விடுவோம்.

ஒரு தொப்பிக்காக அமைச்சகமே விளக்கம் தரும் அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது? தங்க ஜரிகை இல்லை, ரத்தினம் இல்லை. காக்கித் துணி, அவ்வளவுதான். ஆனால் அந்தத் துணியை வைத்து ஒரு காலத்தில் உயிர் போகிற வழக்கு நடந்தது. அதுவும் அதே செங்கோட்டையில்.

யார் கொடுத்தது?

2019 ஜனவரி 23, நேதாஜியின் பிறந்தநாள். செங்கோட்டைக்குள் நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும் (ஐ.என்.ஏ.) தனி அருங்காட்சியகத்தைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அன்று போஸ் குடும்பத்தின் சார்பில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுதான் இந்தத் தொப்பி. நேதாஜி பயன்படுத்திய மர நாற்காலி, வாள், ஐ.என்.ஏ. பதக்கங்கள், பேட்ஜ்கள், சீருடை ஆகியவையும் அந்த அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன.

தொப்பியின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததே. கவிழ்த்துவைத்த சின்னப் படகு மாதிரி இருக்கும். தலையிலிருந்து எடுத்தால் தட்டையாக மடித்து, சட்டைத் தோள்பட்டியில் செருகிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பல நாட்டு ராணுவங்கள் இதே பாணியைத்தான் அணிந்தன. காங்கிரஸ்காரர்களின் வெள்ளைக் கதர்த் தொப்பியும் ஏறக்குறைய இதே வடிவம்தான். 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்த போஸ் அதையும் அணிந்தவர்.

உண்மையில், உடை என்ன செய்யும் என்பது போஸுக்கு நன்றாகவே தெரியும். 1928 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குத் தொண்டர் படைத் தலைவராக வந்தபோது, ராணுவ அதிகாரி போலவே முழுச் சீருடையில் வந்தார். அதைத் தைத்துக்கொடுத்தது ஒரு பிரிட்டிஷ் தையல் நிறுவனம்! காந்திக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, சர்க்கஸோடு ஒப்பிட்டார்.

1941 ஜனவரியில் நடந்தது வேறு கதை. வீட்டைச் சுற்றிலும் போலீஸ் கண்காணிப்பு. தளர்வான பைஜாமா, நீளக் கோட்டு, கறுப்புத் துருக்கித் தொப்பி போட்டு 'முகமது ஜியாவுதீன்' ஆகி, அண்ணன் மகன் ஓட்டிய காரில் எல்கின் ரோடு வீட்டிலிருந்து நழுவினார். காபூல் வழியாக பெர்லின், அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் மாறி ஆசியா. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். நாம் இன்று படங்களில் பார்க்கிற காக்கிச் சட்டை, நீள பூட்ஸ், படகுத் தொப்பி போஸ் அதற்குப் பிறகு வந்தவர்.

எதிரியின் துணி

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. காக்கி யாருடையது? பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துடையது. 1840-களின் பிற்பகுதியில் பெஷாவர் பக்கம் இருந்த ஒரு படைப்பிரிவுதான் புழுதி நிறத்தில் சாயமேற்றிய துணியை முதலில் சீருடையாக்கியது. 'காக்' என்றால் பாரசீகத்தில் புழுதி, மண்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது, பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் போர்க் கைதி ஆனார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வைத்துத்தான் ஐ.என்.ஏ. உருவானது. அதே ஆட்கள், அதே காக்கி. பெரும்பாலும் துப்பாக்கியும் பிரிட்டிஷாரிடமிருந்து பிடிபட்டதே. அப்படியென்றால் நேற்று மன்னரின் சிப்பாயாக இருந்தவரையும் இன்று ஆசாத் ஹிந்த் சிப்பாயாக இருப்பவரையும் எதை வைத்துப் பிரிப்பது?

பேட்ஜை வைத்துத்தான். மன்னரின் கிரீடம் போய், இந்திய வரைபடமும் 'இத்தெஹாத், இத்மாத், குர்பானி' என்ற மூன்று சொற்களும் வந்தன. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். அதுவும் இந்துஸ்தானிச் சொற்கள் ரோமன் எழுத்தில். உருது எழுத்தா, தேவநாகரியா என்ற சண்டையே வேண்டாம், எல்லோரும் படிக்கட்டும் என்ற யோசனை அது.

'எல்லோரும்' என்பதில் தமிழர்கள் நிறையப் பேர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தவர்கள். போஸின் இந்துஸ்தானிப் பேச்சு மேடையிலேயே தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது. பஞ்சாப் சிப்பாய்க்கு ஐ.என்.ஏ. என்பது சீருடையில் சின்னம் மாறுவது. ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளிக்கோ அதுதான் வாழ்க்கையின் முதல் சீருடை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவர் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவரே இல்லை.

சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ராணி ஜான்சி படை உருவானபோது, தோட்டத் தமிழ்ப் பெண்கள் சேலையிலிருந்து காக்கிக் கால்சட்டைக்கும் தொப்பிக்கும் மாறினார்கள். 1943-ல் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது அந்தப் பெண்களோடு போஸும் நடந்தார். வழியில் பூட்ஸைக் கழற்றியபோது கால் முழுக்கக் கொப்புளம்.

சீருடையும் சட்டமும்

போர் முடிந்தது. ஐ.என்.ஏ. வீரர்கள் பிடிபட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவம் அவர்களை 'ராணுவம்' என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஜப்பான் தூண்டிவிட்ட ஐந்தாம் படை என்ற பொருளில் 'ஜிஃப்' என்று சுருக்கமாகச் சொல்லும். பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது.

சீருடை அணிந்து, ஒரு அரசின் கீழ், கட்டளைப்படி சண்டை போடுபவர் பிடிபட்டால் அவர் போர்க் கைதி. சண்டையில் சுட்டதற்காக அவர் மேல் கொலை வழக்குப் போட முடியாது. அந்தத் தகுதி இல்லாதவர் பிடிபட்டால் அவர் வெறும் குற்றவாளி, தூக்கு வரை போகலாம். 1907-ம் ஆண்டின் ஹேக் போர் விதிகள் இதற்கான நிபந்தனைகளைச் சொல்கின்றன: பொறுப்பான ஒரு தலைமை, வெளிப்படையாக ஏந்திய ஆயுதம், போர் மரபுகளை மதிப்பது, அப்புறம் தூரத்திலிருந்தே தெரிகிற நிலையான அடையாளச் சின்னம். ஆமாம், நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் தொப்பி, பேட்ஜ் சமாச்சாரம்தான்.

1945 நவம்பர் 5. செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள்: ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். மூவரையும் சேர்த்து நிறுத்தியது பிரிட்டிஷார் தங்களுக்கே வைத்துக்கொண்ட ஆப்பு. நாடே ஒன்றாகக் கொதித்தது. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது (இந்திய தண்டனைச் சட்டம் 121-வது பிரிவு), கொலை, கொலைக்கு உடந்தை என்பவை குற்றச்சாட்டுகள். பல ஆண்டுகளாகக் கழற்றி வைத்திருந்த வக்கீல் கவுனை நேரு மறுபடி மாட்டிக்கொண்டு வந்தது இந்த வழக்குக்குத்தான்.

ஆனால் வாதத்தைச் சுமந்தவர் புலாபாய் தேசாய். 'இவர்கள் நல்லவர்கள், மன்னித்துவிடுங்கள்' என்று அவர் கெஞ்சவில்லை. 1943 அக்டோபர் 21-ல் ஆசாத் ஹிந்த் அரசு முறைப்படி அறிவிக்கப்பட்டது, ஜப்பான், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் அதை அங்கீகரித்தன, அது முறைப்படி போர் அறிவித்தது, அதன் ராணுவத்துக்குத் தனிச் சட்டம், முறையாக நியமிக்கப்பட்ட அதிகாரிகள், தனிப் பேட்ஜ், தனிச் சின்னம் எல்லாம் இருந்தன என்று அடுக்கினார். ஆகவே இது இரண்டு ராணுவங்களுக்கு இடையே நடந்த போர், தனிமனிதக் குற்றம் அல்ல என்பது வாதம்.

அரசுத் தரப்பின் பதில் எளிமையானது. இவர்கள் மன்னருக்குப் பிரமாணம் செய்த அதிகாரிகள். வேறு பேட்ஜ் குத்திக்கொண்டதால் அந்தக் கடமை போய்விடாது.

நீதிமன்றம் தேசாயின் வாதத்தை ஏற்கவில்லை. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்துக்கு மூவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை. ஆனால் வெளியே நாடு இருந்த நிலையில் அதை நிறைவேற்ற முடியாது என்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக்குக்குப் புரிந்தது. 1946 ஜனவரி 3-ல் ஆயுள் தண்டனையை ரத்து செய்தார். பதவிப் பறிப்பு அப்படியே நின்றது. சட்டப்படி குற்றவாளிகள், தெருவில் இறங்கினால் மாலை மரியாதை! அடுத்த ஆண்டு சேகல் திருமணம் செய்துகொண்டது யாரைத் தெரியுமா? ராணி ஜான்சி படையின் லட்சுமியை.

ஏன் செங்கோட்டை?

1943 ஜூலை 5-ல் சிங்கப்பூர் படாங் திடலில் அணிவகுத்து நின்ற ஐ.என்.ஏ. வீரர்களிடம் போஸ் சொன்ன இலக்கே இதுதான். உயிரோடு மிஞ்சுகிறவர்கள் டெல்லி செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்தும் வரை வேலை முடியாது என்றார். இரண்டு ஆண்டு கழித்து அந்த வீரர்கள் செங்கோட்டைக்கு வந்தார்கள், கைதிகளாக. போஸ் வரவே இல்லை. அவருடைய தொப்பி வந்து சேர இன்னும் 74 ஆண்டுகள் ஆனது.

அதனால்தான் 'தொப்பியைக் காணோம்' என்ற ஒரு வரிச் செய்தி அத்தனை பேரைச் சுட்டது. குடும்பப் பொருளாக இருந்தவரை அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பொதுச் சொத்தாகக் கொடுத்த பிறகு கேட்பதில் தப்பும் இல்லை. இதில் அரசியலும் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 21-ல், ஆசாத் ஹிந்த் அரசின் 75-வது ஆண்டு நாளில், ஐ.என்.ஏ. தொப்பி அணிந்துதான் பிரதமர் செங்கோட்டையில் கொடி ஏற்றினார். போஸ் யாருடைய தலைவர் என்ற போட்டி தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறது. அந்தப் போட்டியில் அதிகம் பேசப்படாதவர்கள், அதே தொப்பியை அணிந்த சாதாரண வீரர்கள்.

சுதந்திரம் கிடைத்த பிறகும் ஐ.என்.ஏ. வீரர்களை இந்திய ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரமாணத்தை மீறியவர்களை எடுத்தால் படையின் ஒழுங்கு கெடும் என்ற கவலை, ஆட்சி மாறியும் மாறவில்லை. 2019-ல் அருங்காட்சியகம் திறந்து மூன்று நாள் கழித்து, ஜனவரி 26 அன்று, 90 வயதைக் கடந்த நான்கு ஐ.என்.ஏ. வீரர்கள் டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் வந்தார்கள். அந்த அணிவகுப்பில் ஐ.என்.ஏ. வீரர்களுக்கு இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.